பம்மலில் ஒரு நீலத் திட்டு

தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவள் நிவேதா. ஆய்வு மையத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். தென்சென்னைப் புறநகரின் வெப்ப வரைபடம் அது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று கொதித்துக் கிடந்த பரப்பின் கீழ்க்கோடியில், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்கூடங்களுக்கு நடுவே, ஒரு சொட்டு நீலம்.

"சார், இந்த இடம் மட்டும் கூலா காட்டுது. கோயில் மலையோட நிழலா, இல்ல குளம் ஏதாவது இருக்கா? ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதணும்" என்று கேட்டிருந்தாள்.

காய்க்காரர், "சார், காய எடுக்கறீங்களா, இல்ல போனப் பாத்துக்கினே நிக்கிறீங்களா?" என்று கேட்கும்வரை நான் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரியை நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். வேறு ஊருக்காக, வேறு நீலத்துக்காக. எழுதிய வரிகளிலேயே அழகானது அதுதான். என் வேலையில் நான் செய்த பெரிய தப்பும் அதுதான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் கேட்டார்கள், மையத்தில் கேட்டார்கள், இன்னும் வயது இருக்கிறதே ஏன் என்று. ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பு எனக்கு. அதனால்தான் காற்றைப் படிக்கப் போனேன் என்று நினைக்கிறேன். தாம்பரத்தில் இயற்பியல் படித்தது, பாடம் நடக்கும்போது ஜன்னல் வழியே மேகம் எண்ணியது, வடக்கே ஒரு மலையூரில் இரண்டு வருடம் தொலையுணர்வு பயின்றது, அங்கே சப்பாத்தி தின்று தின்று சோற்றுக்காக ஏங்கியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். தொலையுணர்வு என்றால் தொடாமல் அறிவது. எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் போகும். நம் மொட்டைமாடி, தார்ச்சாலை, ஏரி, மரம் எல்லாம் வெளிவிடும் வெப்பக் கதிரைச் சேகரிக்கும். அதை எண்களாக்கி, எண்களை நிறமாக்கி, எந்தத் தெரு எவ்வளவு சுடுகிறது என்று சொல்வது என் வேலை. காதலிக்குக் கடிதம் எழுதுகிறவனைப் போல நான் அந்த நிறங்களோடு வாழ்ந்தேன்.

எங்கள் பிரிவின் தலைவி விசாலம் மேடம். ஒல்லியான உருவம், பருத்திப் புடவை, காதோரம் செருகிய பென்சில். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயர்த்தாமலே ஒரு கேள்வி கேட்பார்: "எங்க நின்னீங்க?" அந்தக் கேள்விக்கு எங்கள் பிரிவே நடுங்கும்.

செயற்கைக்கோள் பதினாறு நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணியளவில் எங்கள் தலைக்கு மேல் போகும். அந்த நாளில் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது மேடம் போட்ட விதி. நான் படித்த பழைய கல்லூரியின் மரக்கூட்டத்தில் ஒருவர், தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஒருவர், பம்மலில் ஒருவர், ஏரிக்கரையில் ஒருவர். பத்து மணிக்கே போய் நிற்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது. நம் நிழல் அளக்கும் இடத்தில் விழக் கூடாது. கைத்துப்பாக்கி போல ஒரு வெப்பமானி தருவார்கள். அதை 'கன்' என்போம். அதைத் தரையை நோக்கி அழுத்தினால் எண் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தி நோட்டில் குறிக்க வேண்டும். நோட்டில் முதல் கட்டம் எண்ணுக்கு இல்லை. முதல் கட்டத்தின் தலைப்பு, 'எதன் மேல்?' தார் மேல், மணல் மேல், ஓடு மேல், ஆஸ்பெஸ்டாஸ் மேல் என்று அதை நிரப்பிய பிறகுதான் எண். ஒருமுறை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு நாற்பத்திரண்டு என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மேடம் நோட்டைத் திருப்பித் தந்து, "நாற்பத்திரண்டு என்ன, உங்க செருப்பு சைஸா?" என்றார்.

அறிக்கை படிக்கும்போது ஏதாவது உறுத்தினால் அடிக்க மாட்டார், திருத்த மாட்டார். அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். தப்பு என்று பொருள் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வா என்று பொருள்.

நான் அந்த வரியை எழுதுவதற்கு முந்தைய மார்கழியில் ஒரு புயல் அடித்தது. பம்மலில் தோல் பட்டறைகள் இருக்கும் பகுதியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் அப்பளமாக நொறுங்கின. என் மனைவியின் அண்ணன் அன்வர் அங்கேதான் தோல் கையுறை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பதினோரு பெண்கள் வேலை செய்யும் சின்ன ஷெட். ஒரு மாதம் கழித்துப் புதுக் கூரை போட்டு முடித்ததும், "மச்சான், வந்து ஒரு வாய் பிரியாணி சாப்பிட்டுப் போ" என்று கூப்பிட்டார். போனேன். சாப்பிட்டேன். அண்ணாந்து பார்த்து, "அடேங்கப்பா, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கே மச்சான்" என்று பாராட்டிவிட்டும் வந்தேன். அந்த வரிசை முழுக்க, எதிர் வரிசை, பின்புறம் எல்லாம் அதே தகரம்தான். ஒரே வியாபாரியிடம் சேர்ந்து வாங்கியிருந்தார்கள்.

மாசியில் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. கத்திரி வெயில் தொடங்குவதற்குள் மிகச் சூடான தெருக்களைத் தேர்ந்தெடுத்து, கூரைகளுக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துத் தர ஒரு திட்டம். தெருக்களின் பட்டியலுக்கு எங்கள் வரைபடம்தான் ஆதாரம். செயற்கைக்கோள் போன அன்று பம்மலில் நிற்க வேண்டியவன் நான். நிற்கவில்லை. காய்ச்சல் இல்லை, கல்யாணம் இல்லை, எந்தக் காரணமும் இல்லை. எத்தனையோ முறை நின்ற இடம்தானே என்று மையத்திலேயே இருந்துவிட்டேன். 'எதன் மேல்?' கட்டத்துக்குப் போன வருட நோட்டைப் புரட்டி, ஆஸ்பெஸ்டாஸ் என்று நிரப்பினேன்.

வரைபடம் வந்தது. பம்மலின் சிவப்புக்கு நடுவில், பட்டறைப் பகுதியில், மயிற்கழுத்து நீலத்தில் ஒரு திட்டு. போன வருடம் அங்கே அது இல்லை. இத்தனை கொதிப்புக்கு நடுவில் ஒரு குளிர்ச்சியா? பக்கத்தில் ஏரி இருக்கிறது, புயல் மழையில் நிரம்பியிருக்கிறது. எழுதினேன்: 'நிரம்பிய ஏரியின் ஈரக்காற்று, காலையில் இந்தப் பட்டறைத் தெருக்களின் மேல் உள்ளங்கை வைத்துவிட்டுப் போகிறது.'

அறிவியல் அறிக்கையில் யார் இப்படி எழுதுவார்கள்? நான் எழுதினேன்.

மேடம் படித்தார். "அழகா இருக்கு" என்றார். காதோரப் பென்சிலை எடுத்தார். வட்டம் போட்டார்.

"மேடம், அந்த ஏரி எனக்குத் தெரியும். அந்தத் தெருவும் தெரியும். மச்சான் பட்டறை அங்கதான்."

"போய்ட்டு வந்துடுங்களேன்."

"பட்டியல் நாளைக்குக் கேக்கறாங்க மேடம். நான் பொறுப்பு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். இத்தனை வருடத்தில் வட்டத்துக்குப் பதில் வராமலே அவர் கையெழுத்துப் போட்டது அந்த ஒருமுறைதான். என் வார்த்தைக்காக.

பட்டியல் வெளியானது. இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து அன்வரின் பட்டறைக்குப் போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வா மச்சான், வா. ஊட்டிக்கு வா. ஸ்வெட்டர் எடுத்துகினு வந்தியா?"

"என்ன மச்சான்?"

"ஒன்னியும் இல்ல. பட்டியல்ல நம்ம தெரு இல்லியேன்னு ஆபீஸ்ல போய்க் கேட்டேன். கம்ப்யூட்டர்ல காட்றாங்கப்பா, இது ஜில்லுனு கீற ஏரியாவாம். சாட்டிலைட்டு சொல்லுதாம். யாருய்யா அந்தப் பேஜார் புடிச்ச ஆளு, இத்த எழுதினதுன்னு கேட்டேன். உன் பேரச் சொல்றாங்க."

உள்ளே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் துப்பட்டாவையும் முந்தானையையும் நனைத்துத் தலையில் போட்டிருந்தார்கள். கடைசி இயந்திரத்திலிருந்து பவுனக்கா எழுந்து வந்தார். அங்கே மூத்த தொழிலாளி. வலக்கை ஆள்காட்டி விரல் நகம் பிளந்து வளர்ந்திருந்தது.

"சார், நீங்கதான் அந்தப் படம் போட்டவரா?"

தலையாட்டினேன்.

"போன கத்திரில மிஷின் மேலயே மயங்கி வுழுந்தேன் சார். ஊசி வெரல்ல பூந்துகிச்சு. அப்போ பழைய கூரை. இந்தத் தகரம் போட்டப்புறம் அத்த வுட மோசம். பசை டப்பாவப் பாருங்க, தண்ணியா ஓடுது. கத்திரி வந்தா இங்க யாராவது ஒருத்தி செத்துடுவா."

நான் அப்போதும் தோற்க விரும்பவில்லை. காற்றோட்டம் இல்லாததால் உள்ளே புழுங்குகிறது, கூரை சூடாக இல்லை என்றேன். பையில் கன் இருந்தது. ஏணி போட்டு ஏறினேன். அன்வரும் பின்னாலேயே ஏறினார். தகரத்தை நோக்கி அழுத்தினேன். முப்பத்து மூன்று.

"பாத்தியா மச்சான்? காத்தே இத விடச் சூடு."

"அப்போ அதுல உக்காரு" என்றார் அன்வர்.

சிரித்தேன். கன்னை இன்னும் சில இடங்களில் நகர்த்தினேன். முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் மழை ஒழுகாமல் இருக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டியிருந்தார்கள். கன் அதன் மேல் நகர்ந்தது.

அறுபத்தொன்று.

திரும்பத் தகரத்தில் அழுத்தினேன். முப்பத்து மூன்று. டேப்பில் அறுபத்தொன்று. ஒரு விரல் இடைவெளி. குனிந்து உள்ளங்கையைத் தகரத்தின் மேல் வைத்தேன். ஏரிக்காற்று வைத்ததாக நான் எழுதிய அதே இடத்தில். ஒரு நொடி கூட வைக்க முடியவில்லை.

பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியே விடாது. கருமி. வானத்தின் குளிரைத்தான் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். ஆஸ்பெஸ்டாஸும் கறுப்பு டேப்பும் அப்படி இல்லை; இருக்கும் சூட்டை அப்படியே சொல்லிவிடும். இது இயற்பியலில் முதல் வருடப் பாடம். ஆஸ்பெஸ்டாஸ் என்று நான் நிரப்பிய அந்தக் கட்டத்தை நம்பி, கணினி அந்தக் கருமியின் பேச்சை உண்மை என்று எடுத்துக்கொண்டது. செயற்கைக்கோள் பார்த்த நீலம் ஏரி இல்லை. என் மச்சானின் புதுக் கூரை. நான் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அண்ணாந்து பாராட்டிய கூரை.

"இன்னா மச்சான், மூஞ்சி தொங்கிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. கீழ இறங்கு."

மூன்று நாள் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பம்மலில் இருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோவில் வந்தேன், இறங்காமல் திரும்பவும் பம்மல் போனேன். தப்பைச் சொன்னால் மேடத்தின் கையெழுத்தும் சேர்ந்து விழும். அதை விடக் கூசிய விஷயம் வேறு. வெளியான பட்டியலைத் திருத்தி ஒரு தெருவைச் சேர்க்கச் சொல்கிறான், யார் தெரு என்று பார்த்தால் அவன் மச்சான் தெரு. இதை யார் நம்புவார்கள்? சும்மா இருந்துவிடலாம். அடுத்த வருடம் சரியாக அளந்து சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கத்திரி அடுத்த வருடம்வரை காத்திருக்காது. பவுனக்காவின் பிளந்த நகம் ஆட்டோ கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் என் விரலில் உறுத்தியது.

நான்காம் நாள் மேடத்தின் அறைக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன், எல்லாவற்றையும். அவர் அறிக்கையின் பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். பென்சில் வட்டம் அப்படியே இருந்தது. உள்ளே ஏரிக்காற்று.

"அந்தக் கூரைக்கு அடியில சாப்பிட்டீங்க இல்ல? அண்ணாந்து பாக்கலையா?"

"பாத்தேன் மேடம். பளபளன்னு இருக்குன்னு சொன்னேன்."

அவர் வாய் லேசாகக் கோணியது. சிரிப்பா கோபமா என்று இன்றுவரை தெரியாது. ஷார்ப்பனரை எடுத்துப் பென்சிலை நிதானமாகச் சீவினார். சுருள் சுருளாக மேஜையில் விழுந்தது. சீவி முடித்ததும் தொலைபேசியை எடுத்துத் திட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டார். "பட்டியலை நிறுத்தி வைங்க. ஒரு இடம் தப்பா போயிருக்கு. தப்பு எங்களோடது" என்றார். இவரோடது என்று என் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஜாஃபர், உங்க மச்சான் கூரை மேல ஒரு அளவு கூட எடுக்கக் கூடாது. நீங்களும் கன்னைத் தொடக் கூடாது. டேப் மட்டும் வாங்கிட்டு வாங்க."

அடுத்த முறை செயற்கைக்கோள் கடந்த காலையில் பம்மலில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். மேடம், நான், திட்ட அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை, கறுப்புக் கண்ணாடி. வண்டியை விட்டு இறங்கியதும் அதிகாரி கேட்டுவிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க உங்க சொந்தக்காரர் ஒருத்தர் ஷெட் இருக்காமே?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. எதிர் வாசலில் அன்வர், கையில் தோல் துண்டோடு.

"இருக்கு சார். அதோ அவர்தான். என் மச்சான். அவர் ஷெட்டுக்கு வந்ததாலதான் தப்பு தெரிஞ்சது. இல்லைன்னா தெரிஞ்சே இருக்காது."

அதிகாரி அன்வரைத் திரும்பிப் பார்த்தார். மேடம்தான் பேசினார். "எந்தக் கூரைன்னு நீங்களே சொல்லுங்க. அளவும் நீங்களே எடுங்க."

அதிகாரி தெருவின் மறுகோடிக்கு நடந்து, அன்வரோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஒரு பெல்ட் பட்டறையைக் காட்டினார். ஏணி வந்தது. மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறினார். அதிகாரி ஏறித் தகரத்தில் கன்னை அழுத்தினார். இருபத்தொன்பது. "கூலாத்தான் இருக்கு மேடம்" என்றார். மேடம் டேப்பை ஒரு சாண் கிழித்து அவர் கையில் கொடுத்தார். "ஒட்டுங்க. ஓரமெல்லாம் நல்லா கட்டை விரலால அழுத்தி ஒட்டுங்க."

அதிகாரி குனிந்து ஒட்டினார். அழுத்தினார். "ஸ்ஸ்... ஆ!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

கீழே யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு, சிரிப்பை அடக்கினாள். இரண்டு நிமிடம் பொறுத்து மேடம் சொன்னபடி அதிகாரி கன்னை டேப்பை நோக்கி அழுத்தினார். ஐம்பத்து நான்கு. ஆனால் அந்த எண்ணை அவர் சரியாகப் பார்த்தாரா என்பது சந்தேகம். அவர் தன் கட்டை விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு சொந்தக்காரர் பேச்சு வரவில்லை.

மேடம் நோட்டைத் திறந்து, 'எதன் மேல்?' கட்டத்தில் 'புதுத் தகரம்' என்று எழுதி, பேனாவை என்னிடம் நீட்டினார். எண்ணை நான் எழுதினேன்.

பம்மல் பட்டறைத் தெருக்கள் பட்டியலில் சேர்ந்தன. கத்திரிக்கு ஐந்து நாள் இருக்கும்போது வெள்ளைப் பூச்சு அடித்து முடித்தார்கள். அடுத்த படம் வந்தது. நீலம் போய் அந்த இடம் மஞ்சளாகியிருந்தது. அதிகாரி பதறிப்போய்க் கூப்பிட்டார்: "சார், என்ன சார் இது? வெள்ளை அடிச்சப்புறம் சூடு ஏறியிருக்கே? மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஏறல சார். இறங்கியிருக்கு. வெள்ளைப் பூச்சு தன் சூட்டை மறைக்காது. ஐம்பத்து நாலா இருந்துகிட்டு இருபத்தொன்பதுன்னு பொய் சொன்ன கூரை, இப்ப நாப்பதா இருக்கு, நாப்பதுன்னே சொல்லுது."

"இத நீங்களே ரெண்டு வரில எழுதிக் குடுத்துடுங்க சார். சாதாரணமா எழுதுங்க. கவிதை வேணாம்" என்றார். ஏரிக்காற்று அவர்வரை போயிருந்தது. சாதாரணமாக எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்தார். வட்டம் இல்லை.

நிவேதாவுக்கு அன்று மார்க்கெட்டில் நின்றே பதில் அனுப்பினேன்: 'மலையும் இருக்கட்டும், குளமும் இருக்கட்டும். கூரை எதனால் ஆனது?' சற்று நேரத்தில் பதில் வந்தது: 'தெரியல சார். களப்பயணம் எல்லாம் இப்ப நிறுத்திட்டாங்க. ஆனா ரயில் இருக்கே. நாளைக்குப் போறேன்.' அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில் எனக்குக் கத்தரிக்காய் மறந்துவிட்டது. வெறும் பையோடு வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் கத்திரியின் நடுவில், நீலப் படம், மஞ்சள் படம் இரண்டையும் எடுத்துக்கொண்டு அன்வரின் பட்டறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்பதே சரி. எப்படிக் கேட்பது என்று தெரியாததால் படங்களை எடுத்துப்போனேன். உள்ளே சூடு இருந்தது. பம்மலில் கத்திரியில் சூடு இல்லாமல் போகுமா? ஆனால் துப்பட்டாக்கள் காய்ந்திருந்தன. பசை டப்பாவில் பசை பசையாக இருந்தது. பவுனக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "ஃபேன்ல இப்பதான் சார் காத்துன்னு ஒன்னு வருது" என்றார்.

மஞ்சள் படத்தைக் காட்டி, இது உங்கள் தெரு என்றேன். பிளந்த நகத்தால் தெருவைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு நீலப் படத்தைக் கையில் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அந்த நீலம் அப்போதும் அழகாகத்தான் இருந்தது.

"இது யாரு வூடு சார், இம்மாம் ஜில்லுனு கீது?"